இட்டேரிக்குப் பத்திரம்

1

இந்த மே மாதம் நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். வீட்டு முன்னால் இருந்த செடிவேலியைக் கத்தரித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் இருப்பது இங்கிலாந்தின் மேற்கே, மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் அதிகம் உள்ள ஒரு சிற்றூர். வந்து இருபத்தைந்து வருடங்கள் ஆகின்றன. இத்தனை காலமும் வாடகைக்கு மாடி வீடுகள்தான். போன வருடம்தான் முன்னும் பின்னும் கொஞ்சம் மண் உள்ள சொந்த வீட்டுக்கு வந்தோம். பண்ணையக்காரர் வீட்டில் பிறந்தவள் கையில் ஒரு பெரிய கத்தரி கிடைத்தால் சும்மா இருப்பாளா? சனிக்கிழமை காலை இறங்கினேன். தலைக்கு மேல் நின்ற வேலியை இடுப்பளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றேன்.

பக்கத்து வீட்டு அம்மையார் தேநீர்க் கோப்பையோடு வந்தார். இங்கே கோபப்படுகிறவர்கள் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். அவரும் பேசினார். பிறகு சொன்னார்: இது பறவைகள் கூடு கட்டும் காலம், இப்போது வேலியில் கை வைக்கக் கூடாது, உள்ளே கூடு இருந்து கலைத்தால் சட்டப்படி குற்றம். நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் கழித்து ஊர் மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அபராதம் ஒன்றும் இல்லை. எந்தெந்த மாதங்களில் வேலியைத் தொடக் கூடாது என்று விளக்கி, நான் புரிந்துகொண்டதற்கு முன்கூட்டியே நன்றியும் சொல்லியிருந்தார்கள்.

என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். அந்தக் கடிதத்தைச் செய்தி வாசிப்பவர் குரலில் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பொறாமைதான் வந்தது. வேலிக்குள் இருக்கிறதோ இல்லையோ தெரியாத முட்டைக்காக ஒருவர் உட்கார்ந்து கடிதம் தட்டியிருக்கிறாரே என்று.

அந்தக் கடிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வாரத்தில்தான் அண்ணன் போன் செய்தார்.

2

அண்ணன் பொன்னுச்சாமிக்கு அறுபத்திரண்டு வயது. சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். அப்பா காலத்தில் பருத்தியும் சோளமும், பிறகு தென்னை, இப்போது பாதிக்குமேல் வெறும் தரிசுக் காடு. எங்கே போர் போட்டாலும் தண்ணீருக்குப் பதில் புழுதிதான் வருகிறது. வேலைக்கு ஆள் கிடையாது, எல்லோரும் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். அண்ணன் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், மண்வெட்டியைத் தொட மாட்டான். ஆகவே அண்ணன் நிலத்தை வீட்டு மனைக்குக் கொடுப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் முன்பே கொடுத்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மனைப்பிரிவா என்று கேட்டேன். அண்ணனுக்குச் சிரிப்பு. நாங்கள் போனில் பேசினால் இப்படித்தான். வெள்ளைக்காரன் ஊரில் இருக்கிற நான் தமிழை ஊறுகாய் போட்டு வைத்த மாதிரி காப்பாற்றிக்கொண்டிருப்பேன், ஊரைவிட்டு நகராத அவர் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்வார்.

"லேஅவுட்டு அம்மணி. கீழ்த்தோட்டம் மட்டுந்தான். அப்ரூவல் ஆச்சுன்னா சைட்டு சைட்டாப் போயிரும். நீயி ஒரு பவர் மட்டும் எழுதி அனுப்பிச்சுப்போடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

என் கையெழுத்து ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் பக்கத்தில், பெண்ணைக் கட்டிக்கொடுத்து, சீர்செனத்தி எல்லாம் முடிந்த பிறகு, நல்ல நாள் பார்த்து அண்ணன் தம்பிகள் அவளைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போவார்கள். அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். மதியம் நல்ல ஓட்டலில் சாப்பாடு, வீட்டுக்கு வந்தால் ஒரு பட்டுச்சேலை. சட்டம் சமபங்கு என்று சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பட்டுச்சேலைதான் இன்றைக்கும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பா இறந்தபோது நான் யாழினியை எட்டு மாதம் சுமந்துகொண்டு இங்கே இருந்தேன், விமானத்தில் ஏற விடவில்லை. அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். அப்படியே தள்ளித் தள்ளி, பட்டா இரண்டு பேர் பெயரிலும் வந்துவிட்டது. நான் போராடி வாங்கிய உரிமை இல்லை அது, யாரும் கவனிக்காததால் கையில் தங்கிவிட்ட உரிமை.

வாட்ஸ்அப்பில் லேஅவுட் படத்தை அனுப்பியிருந்தார். சதுரம் சதுரமாக மனைகள், நேர் நேராகச் சாலைகள், மூலையில் பழைய கல்லுக்குழி இருந்த இடத்தில் பச்சை நிறம் அடித்துப் பூங்கா. வடக்கு ஓரத்தைத் தேடினேன். ஒரு தடித்த கோடு மட்டும் இருந்தது. உடனே போன் செய்து, இட்டேரி எங்கே என்று கேட்டேன்.

"அது நம்ம பட்டாவுக்குள்ள வருது அம்மணி. அங்கதான் காம்பவுண்டு கட்டறாங்க."

3

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இட்டேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பண்ணையக்காரர்கள் பெரும்பாலும் தெருவில் கூடிக் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்துக்குள்ளேயே சாளை என்று ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு தனித்தனியாக இருப்பார்கள். சாளையிலிருந்து சாளைக்கும் அங்கிருந்து ரோட்டுக்கும் போகிற மண்பாதைதான் இட்டேரி. இரண்டு பக்கமும் தோட்டங்களின் உயிர்வேலி. கிளுவையும் கள்ளியும் நெருக்கி நிற்க, மேலே பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். அதற்குள் கவுதாரி, கீரி, ஓணான், சமயத்தில் பாம்பு.

அதை நினைத்து நான் இங்கே ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த முள்ளில் என் தாவணிகள் இரண்டு கிழிந்திருக்கின்றன. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்தச் சேற்றிலிருந்து தார் ரோட்டுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்றுதான் நான் விழுந்து விழுந்து படித்தேன். அழகு, பழமை என்றெல்லாம் பேச எனக்கு வராது.

எனக்கு வருத்தம் மயிலாத்தாள் அக்காவை நினைத்து. இட்டேரிக்கு வடக்கே அவர் தோட்டம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பல்லடத்தில் மாமனார் வீட்டோடு. அக்கா பதினைந்து ஆடும் ஒரு கறிக்கோழிக் கொட்டகையும் வைத்துக்கொண்டு தனியாகவே காலம் தள்ளுகிறார். அவர் சாளைக்கும், அதைத் தாண்டி இன்னும் மூன்று சாளைகளுக்கும் வழி இந்த இட்டேரி மட்டுந்தான்.

முன்பு அது ஒற்றை மாட்டுவண்டி போகிற அளவுக்கே இருந்ததாம். டிராக்டர் வந்த காலத்தில் எங்கள் அப்பாவும் அக்காவின் மாமனாரும் இட்டேரியில் எதிரெதிரே நின்று பேசி, அவரவர் வேலியை அவரவர் நிலத்துக்குள் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே பாதையில் பாதி எங்கள் பட்டா, பாதி அவர்கள் பட்டா. சர்வே எல்லைக் கல் நட்டநடுவில் இருக்கிறது. புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே பாதை என்ற ஒன்றே கிடையாது, ஒரு கோடுதான் இருக்கிறது.

எழுதி வைக்காதது மறதியால் அல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் போய், நீ விட்ட வழியை எழுதிக் கொடு என்று கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு எந்த முகத்தோடு போவது? கடனுக்குப் பத்திரம் உண்டு, கிரயத்துக்குப் பத்திரம் உண்டு, வழிக்குப் பத்திரம் எழுதுவது எங்கள் ஆட்களுக்குக் கேவலம். இந்தத் தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு கௌரவமாகச் செய்திருக்க முடியாது.

கோட்டின்மேல் காம்பவுண்டுச் சுவர் வந்தால் எங்கள் பாதி போய்விடும், தெற்கு வேலி முழுதும் போய்விடும். மிஞ்சுகிற பாதியில் ஆடு போகும், மொபெட் போகும். கோழி லாரி போகாது, ஆம்புலன்ஸ் போகாது. அக்கா தன் பக்கம் தள்ளி எடுத்துக்கொள்ளட்டும் என்றார் அண்ணன். அந்தப் பக்கம் வேலியை ஒட்டியே அக்காவின் கிணறு இருக்கிறது. அது அண்ணனுக்கும் தெரியும். கோர்ட்டுக்குப் போனால் வழிப்பாத்தியம் என்று அக்காவுக்குத் தீர்ப்பு கிடைக்கலாம். கிடைக்கும்போது அக்கா இருக்க வேண்டுமே.

4

என் சார்பில் அவரே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தின் நகலை அண்ணன் அனுப்பினார். இங்கே தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, கூரியரில் போட வேண்டும். நகலைப் படித்தேன். கீழ்த்தோட்டம் மட்டும் என்று வாயில் சொன்னது, காகிதத்தில் என் பெயரில் உள்ள எல்லா நிலத்தையும் எந்த விதத்திலும் அனுபவிக்கவும் மாற்றவும் என்று ஆகியிருந்தது. பத்திரம் எழுதுகிறவர் எல்லோருக்கும் எழுதுகிற வாசகம்தான், அண்ணன் படித்திருக்கவே மாட்டார். நான் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். அண்ணி வெளிப்படையாகவே சொன்னாராம், அங்கே சொகுசாக உட்கார்ந்துகொண்டு இங்கே வேகிறவர்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று. அது என்னைச் சுட்டது. ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. வெளிநாட்டில் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு ஊர் அப்படியே இருக்க வேண்டும், தென்னை ஆட வேண்டும், மாடு கத்த வேண்டும் என்று கேட்கிற ஆட்களை எனக்கும் பிடிக்காது. விடுமுறைக்கு வந்து படம் பிடிப்பதற்காக ஊர்க்காரர்கள் ஏழையாகவே இருக்க வேண்டுமா?

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். இங்கே ஊர் நூலகத்தில் வேலை செய்கிறேன். யாராவது புதிதாக வீடு கட்ட விண்ணப்பித்தால் அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் கட்டுவார்கள். படங்களை நூலகத்தில் வைப்பார்கள். சொந்தக்காரர், வாடகைக்காரர், வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். சில வருடங்களுக்கு முன் ஊர் ஓரத்து வயலில் வீடுகள் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. நூலகத்தில் கூட்டம் போட்டார்கள். நான் தேநீர்த் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுந்து, வெளியாட்கள் வந்தால் இந்த ஊரின் தன்மை கெட்டுப்போகும் என்று உணர்ச்சியோடு பேசினார். பேசி முடித்துத் திரும்பியவர், தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, உங்களைச் சொல்லவில்லை என்றார். நான் அவருக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

ஊரின் தன்மையைக் காப்பாற்றுவோம் என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் இப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடைசியில் அங்கே வீடுகள் வந்தன. ஆனால் வயலைக் குறுக்காகக் கடந்த பழைய நடைபாதையை மூடக் கூடாது, அதை ஒட்டிய வேலியை எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்கள். பாதை வீடுகளுக்கு நடுவே அப்படியே வளைந்து போகிறது. நாய் வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் நடக்கிறார்கள். போன வருடம் நாங்கள் வாங்கிய வீடு அந்த வீடுகளில் ஒன்று. நான் வெட்டித் தள்ளியது அந்தப் பழைய வேலியைத்தான்.

ஆகவே வீடும் வரலாம், வழியும் இருக்கலாம். இது என் கற்பனை இல்லை, நான் குடியிருக்கிற இடம்.

5

வரைபடம் போட எனக்குத் தெரியாது. யாழினியைக் கேட்டேன். அவளுக்கு எங்கள் தோட்டம் என்றால் கொசு, வெயில், கழிப்பறை. கடைசியாக வந்தபோது பன்னிரண்டு வயது. பிறகு கூப்பிட்டாலும் வரவில்லை. "அது உங்க வேலி அம்மா" என்றாள், அவளுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். உங்க என்று அவள் சொன்னது எனக்கு உறைத்தது. ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கள் இட்டேரியைக் கண்டுபிடித்து, அதன் வளைவுகளை ஒவ்வொன்றாக இழுத்து வரைந்தாள். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் போலத்தான் செய்தாள். பாசத்தோடு செய் என்று சொல்ல எனக்கு என்ன வாய்? கோடு சரியாக இருந்தது, அது போதும்.

விஷயம் சுலபம். எந்த லேஅவுட்டிலும் சாலைக்கும் பூங்காவுக்கும் என்று இடம் ஒதுக்கிப் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கோயமுத்தூர்க்காரர்கள் ரிசர்வ் சைட் என்பார்கள். எதற்கும் உதவாத மூலையைத்தான் வழக்கமாகத் தள்ளிவிடுவார்கள். அந்த இடத்தைக் கல்லுக்குழியில் கொடுக்காமல் வடக்கு ஓரம் முழுக்க நீளவாக்கில் கொடுத்தால் வேலியும் நிற்கும், எங்கள் பாதி இட்டேரியும் பொதுவழியாகப் பதிவாகும். அக்காவும் தன் பாதியைக் கொடுத்துவிட்டால் முழு இட்டேரியும் காகிதத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு யாராலும் கை வைக்க முடியாது.

அண்ணனுக்கு அனுப்பினேன். லேஅவுட் போடுகிறவர், மனை வாங்குகிற ஆட்களைப் பற்றிக் கவலைப்பட்டாராம். வளைந்த பாதை பக்கத்தில் இருந்தால் பாதை நேராக வந்து சில மனைகளில் முட்டும், தெருக்குத்து ஆகிவிடும், வாஸ்து பார்க்கிறவர்கள் தொட மாட்டார்கள். இங்கே இவர்கள் குருவிக்குப் பயப்படுகிறார்கள், அங்கே தெருக்குத்துக்குப் பயப்படுகிறார்கள். வளைவில் வருகிற இரண்டு மனைகளையும் பூங்காவோடு சேர்த்துவிடுங்கள் என்றேன். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

"உனக்குப் பொறந்த ஊடு வேணுமா, மயிலாத்தா ஊட்டு வழி வேணுமா? ஒண்ணச் சொல்லிப்போடு அம்மணி."

"ரெண்டும் வேணுமுங்கண்ணா."

போனை வைத்துவிட்டார். ஒன்றரை மாதம் பேசவில்லை. ஆடிப் பதினெட்டுக்குக்கூடக் கூப்பிடவில்லை. நான் அழுதேன், சமையலறையில் நின்று சத்தமாகவே அழுதேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

கடைசியில் லேஅவுட்காரரே அண்ணனிடம் பேசியிருக்கிறார். என் கையெழுத்து இல்லாமல் வேலை நகராது, கணக்குப் பார்த்தால் போவது இரண்டு மனைதான், போகட்டும் என்று. போதாததற்கு இப்போதெல்லாம் பச்சை கேட்கிறார்களாம், விளம்பரத்தில் நேச்சர் வாக் என்று போட்டுக்கொள்வாராம். எங்கள் கவுதாரிக்கும் கீரிக்கும் இனி அந்தப் பெயர்தான். நான் அண்ணனைச் சம்மதிக்க வைத்தேன் என்று பெருமை பேசமாட்டேன். மடக்கினேன், அவ்வளவுதான்.

6

கையெழுத்துக்கு ஊருக்கே நேரில் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, பட்டாவில் அப்பா பெயரோடு இருக்கிற சாந்தாமணியும் பாஸ்போர்ட்டில் வீட்டுக்காரர் பெயரோடு இருக்கிற சாந்தாமணியும் வேறு வேறு ஆட்கள் என்று. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க நான்கு நாள் அலைந்தேன். கிராம நிர்வாக அலுவலர் என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார். ஒருவராக வந்து நின்றது மயிலாத்தாள் அக்கா.

அன்று சாயங்காலம் அவர் சாளைக்குப் போனேன். வாசலில் சாக்கை விரித்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். நான் படத்தைக் காட்டி, அவருடைய பாதிக்கும் பஞ்சாயத்துக்குத் தானப்பத்திரம் போட வேண்டும் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அவருக்காக இத்தனை நாள் அண்ணனோடு மல்லுக்கட்டியவள் நான், சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்குக் கண்ணு பத்திரம்? உங்கப்பாரும் என்ற மாமனாரும் இட்டேரியில நின்னு பேசிக்கிட்டது. அதுக்குப் போயிக் காயிதம் போட்டா அவிய பேச்சு பேச்சில்லைன்னு ஆயிப்போகாதா?"

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக ஓடுகிறோமோ அவரே காலை வாரினால் எப்படி இருக்கும்? சுவர் எழும்பினால் கோழி லாரி எப்படி வரும் என்று கேட்டேன். அவர் எழுந்து போய், கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டை வேறு இடத்தில் கட்டினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவருக்குப் பயம் இல்லை, அவமானமாக இருக்கிறது. எங்கள் அண்ணன் சுவர் கட்ட நினைத்ததையே அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் குரலை இறக்கினேன்.

"அக்கா, பேசிக்கிட்டவிய ரெண்டு பேரும் இப்ப இல்லீங்க. நாளைக்கு அந்தப் பக்கம் ஊடு கட்டிக் குடி வாரவிய நம்ம யாருகிட்டயும் பேசிக்கலீங்க. அவியளுக்குக் காயிதந்தாங்க தெரியும்."

ஆட்டுக்குக் கொஞ்சம் தழையை அள்ளிப் போட்டார். பிறகு கேட்டார், யார் பெயருக்கு எழுதுவது என்று. பஞ்சாயத்துக்கு என்றேன்.

"அப்ப நானும் போட்டுத் தாரேன். ஆனா மயிலாத்தாளுக்கு வழி உட்டதுன்னு அதுல ஒரு வரி இருக்கப்படாது. வாரவிய போறவிய எல்லாத்துக்கும்னு எழுதோணும். அந்த சைட்டுக்கு வார பொம்பளையும் ரோட்டுக்குப் போகோணுமில்ல கண்ணு?"

நூலகத்துக் கூட்டத்தில் எத்தனையோ படித்தவர்கள் பேசினார்கள். வரப் போகிறவளுக்கும் வழி வேண்டும் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஊரின் தன்மை என்று ஒன்று இருந்தால் அது இந்த அம்மாவின் வாயில் இருக்கிறது, வேலி அதற்குப் பிறகுதான்.

7

பதிவு நாளன்று அண்ணன் தன் காரில் தனியாக வந்தார். நானும் அக்காவும் ஆட்டோவில் போனோம். பத்திர ஆபீசில் காத்திருந்த இரண்டு மணி நேரமும் அவர் தூணுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பெயரைக் கூப்பிட்டதும் முதலில் அவர் கையெழுத்துப் போட்டார், பிறகு நான். கேமராவைப் பார்க்கச் சொன்னபோது அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொதுமக்கள் யாவரும் எக்காலத்தும் போக்குவரத்து செய்துகொள்ள" என்ற வரியைப் பத்திரம் எழுதியவர் வாசித்துக் காட்டினார். அக்கா தலையை ஆட்டிவிட்டு விரலை வைத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் அக்காவிடம், இந்தத் தடவை குஞ்சு எத்தனை நாளில் எடைக்கு வரும் என்று விசாரித்தார். அக்காவும் எதுவுமே நடக்காதது போலப் பதில் சொன்னார். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. இவர்கள் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஒரே பாதையில் எதிரெதிரே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்தார். கையில் இன்னொரு கட்டுக் காகிதம். சாளையும் அதைச் சுற்றியுள்ள மேல்தோட்டமும் மிச்சம் இருக்கிறது, அதற்கு நான் எழுதித் தர வேண்டிய விடுதலைப் பத்திரம். தட்டச்சு செய்து தயாராகவே கொண்டுவந்திருக்கிறார். அவர் முகத்தில் கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தார். நாளைக்கே மேல்தோட்டத்துக்கும் ஒரு ஆள் வருவான், ஒரு படம் வரும், அதிலும் எதையாவது பிடித்துக்கொண்டு இவள் நிற்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

"இன்னிக்கே இதையும் முடிச்சுப்போடலாம் அம்மணி. ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீயி கடல் தாண்டி வரோணுமா?"

காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

"வரோணுமுங்கண்ணா. கூப்பிடுங்க, வாரேன்."